பெருந்தமனிப் புடைப்பு எப்போது உடையும்?



நமது சரீரத்திலுள்ள இரத்தக்குழாய்களில் மிகப் பெரியது பெருந்தமனி. அது இருதயத்திலிருந்து மேலெழும்பி வளைந்து, முதுகெலும்பை ஒட்டி மார்பின் வழியாக வயிற்றுக்குள் இறங்கி, தொப்புளுக்கு அருகே இரண்டாகப் பிரிந்து கால்களுக்குச் செல்கிறது. வயிற்றுப் பகுதியில் அதன் குறுக்களவு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர். நம் கட்டைவிரல் பருமன் என்று வைத்துக்கொள்ளலாம். சிலருக்கு, விசேஷமாக அறுபது வயதைக் கடந்த, புகைபிடிக்கும் பழக்கமுள்ள ஆண்களுக்கு, இக்குழாயின் சுவர் தளர்ந்து ஓரிடத்தில் புடைத்துவிடுகிறது. பழைய சைக்கிள் ட்யூபில் காற்றடிக்கும்போது ஒரு பக்கம் மட்டும் உப்பி வருமே, அதைப்போல. வயிற்றுப் பெருந்தமனியின் குறுக்களவு 3 செ.மீ. அல்லது அதற்கு மேல் ஆகிவிட்டால் மருத்துவர்கள் அதை அனியூரிசம் என்கிறார்கள். இப்பாடத்தில் நாம் அதைத் தமனிப் புடைப்பு என்றே அழைப்போம்.

இதில் கவனிக்கவேண்டியது என்னவென்றால், புடைப்பு உள்ளவருக்குப் பெரும்பாலும் எந்த வலியும் இருப்பதில்லை. வேறு ஏதோ காரணத்துக்காக வயிற்றை ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகத் தெரியவருகிறது. அநேகர் தங்களுக்கு இப்படி ஒன்று இருப்பதை அறியாமலே வாழ்ந்து, முதிர்ந்த வயதில் வேறு வியாதியால் மரிக்கிறார்கள். ஆனால் உடைந்துவிட்டால், ஐந்து பேரில் ஏறத்தாழ நான்கு பேர் பிழைப்பதில்லை. வீட்டிலேயோ வழியிலேயோ ஜீவன் போய்விடுகிறது.

அப்படியானால் கண்டவுடனே அறுவைச் சிகிச்சை செய்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். அதுவும் உயிருக்கு ஆபத்தான சிகிச்சையே. ஆகையால் மருத்துவருக்கு முன் நிற்கும் கேள்வி இதுதான்: இந்த மனிதருடைய புடைப்பு உடையுமா, உடையாதா? உடையும் என்றால் எப்போது?

ஐன்ஸ்டைனின் கடைசி ஆண்டுகள்

விஞ்ஞானி ஆல்பர்ட் ஐன்ஸ்டைனுக்கு இந்த வியாதி இருந்தது. 1948-ஆம் ஆண்டு டிசம்பரில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலுள்ள யூத மருத்துவமனையில், டாக்டர் ருடால்ப் நிஸ்ஸன் அவருடைய வயிற்றைத் திறந்து பார்த்து, பெருந்தமனியில் பெரியதொரு புடைப்பு இருப்பதைக் கண்டார். அக்காலத்தில் புடைத்த பகுதியை வெட்டி நீக்கிப் புதுக்குழாய் பொருத்தும் முறை இன்னும் வரவில்லை. பாரீஸ் நகரில் சார்ல் துபோஸ்த் அதை முதன்முதலாகச் செய்தது 1951-ல்தான். எனவே நிஸ்ஸன் தமனியைச் சுற்றி செல்லோபேன் தாளைச் சுற்றினார். அது அந்நியப் பொருள் ஆனபடியால் சரீரம் அதைச் சுற்றித் தழும்புத் தசையை வளர்க்கும். அத்தழும்பு சுவருக்கு ஒரு கவசமாகும் என்பது எண்ணம்.

அதன்பின் ஐன்ஸ்டைன் ஆறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். 1955 ஏப்ரலில் புடைப்பு உடையத் தொடங்கியது. டாக்டர் பிராங்க் கிளென் அறுவைச் சிகிச்சை செய்யலாம் என்றார், ஐன்ஸ்டைன் சம்மதிக்கவில்லை. ஏப்ரல் 18 அன்று பிரின்ஸ்டன் மருத்துவமனையில் தமது 76-ஆம் வயதில் காலமானார்.

அந்த ஆறு ஆண்டுகளில் எந்த மருத்துவரும் அவரிடம், "இன்னும் இத்தனை நாள்" என்று சொல்லியிருக்க முடியாது. நிஸ்ஸன் கையால் தொட்டு உணர்ந்த பருமன் ஒன்றே அவர்களிடம் இருந்த தகவல். இன்றோ சி.டி. ஸ்கேன் ஒரு சில வினாடிகளில் முழு வயிற்றையும் மெல்லிய படலம் படலமாகப் படமெடுத்துத் தருகிறது. கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

விட்டம் என்னும் அளவுகோல்

குழந்தைகளுக்குப் பலூன் ஊதிக் கொடுத்திருப்பீர்கள். முதல் ஊதல்தான் கடினம். கொஞ்சம் உப்பியபின் எளிதாக ஊதலாம். வட்டம் பெரிதாகப் பெரிதாக, உள்ளே அதே அழுத்தம் இருந்தாலும் சுவரை இழுக்கும் விசை கூடிவிடுவதே காரணம். பிரெஞ்சுக் கணித மேதை லாப்லாஸ் பெயரால் இவ்விதி வழங்குகிறது. இதன்படி 2 செ.மீ. குழாய் 6 செ.மீ. ஆனால், இரத்த அழுத்தம் மாறாவிட்டாலும் சுவரின் இழுவிசை மூன்று மடங்காகிறது. ஆக, பெரிய புடைப்பு அதிக ஆபத்து என்பதற்கு அடிப்படை உண்டு.

எந்த அளவில் அறுவைச் சிகிச்சை செய்வது என்பதை இரண்டு பெரிய ஆய்வுகள் தீர்மானித்தன. ஒன்று பிரிட்டனில் 1,090 பேரை வைத்து நடந்து 1998-ல் வெளியானது. மற்றொன்று அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 1,136 பேரை வைத்து நடந்து 2002-ல் வெளியானது. இரண்டிலும் புடைப்பு 4 செ.மீ. முதல் 5.5 செ.மீ. வரை இருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு உடனே அறுவைச் சிகிச்சை. மற்றவர்களுக்கு ஒழுங்காக ஸ்கேன் எடுத்துக் காத்திருத்தல். உடனே செய்துகொண்டவர்கள் அதிக காலம் வாழவில்லை. பிரிட்டிஷ் ஆய்வில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களில் 100-க்கு 5.8 பேர் முப்பது நாட்களுக்குள் மரித்தார்கள். காத்திருந்தவர்களுக்கோ ஆண்டுக்கு 100-க்கு ஒருவர் அளவிலேயே புடைப்பு உடைந்தது. 5.5 செ.மீ. என்ற எல்லை உறுதிப்பட்டது இப்படித்தான்.

அந்த எல்லையைத் தாண்டினால்? அறுவைச் சிகிச்சையைத் தாங்கமுடியாத அல்லது அதை மறுத்த 198 ஆண்களை அமெரிக்க மருத்துவர்கள் தொடர்ந்து கவனித்து 2002-ல் எழுதினார்கள். ஓராண்டுக்குள் உடைந்திருக்கக்கூடியவை, 5.5 முதல் 5.9 செ.மீ. வரை இருந்தோரில் 100-க்கு 9.4, 7 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தோரில் 100-க்கு 32.5. பயங்கரமான எண்தான். ஆனாலும் 7 செ.மீ. புடைப்போடு இருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு அவ்வருஷத்தில் அது உடையவில்லை என்பதையும் கவனியுங்கள்.

பாஸ்டன் நகரில் டாக்டர் டார்லிங் குழுவினர் 1977-ல் வெளியிட்ட பிரேதப் பரிசோதனை ஆய்வு இந்தச் சிக்கலை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. அறுவைச் சிகிச்சை செய்யப்படாத 473 புடைப்புகளை அவர்கள் கண்டார்கள். அவற்றில் 118 உடைந்திருந்தன. 5 செ.மீ. அல்லது அதற்குக் குறைவானவற்றிலும் 100-க்கு சுமார் 13 உடைந்திருந்தன. 7 செ.மீ.க்கு மேல் 10 செ.மீ. வரை பெருத்தவற்றிலோ 100-க்கு 54 கடைசிவரை உடையவே இல்லை! சிறியது உடைகிறது, பெரியது நிலைக்கிறது. விட்டத்தை மட்டும் பார்த்தால் ஆயிரம் பேருக்கு ஏற்ற சட்டம் கிடைக்கும். நம் முன்னே படுத்திருக்கிற ஒருவருக்கு அது போதாது.

விசையும் பலமும்

நம் ஊர் ஏரிக்கரையை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். மழைக்காலத்தில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று பார்ப்பார்கள். ஆனால் கரை உடைவது தண்ணீரின் உயரத்தால் மட்டும் அல்ல. கரையின் வளைவு, மண்ணின் உறுதி, நண்டும் எலியும் தோண்டிய வளை ஆகியவற்றையும் பொறுத்தது. தள்ளும் விசை ஒரு பக்கம், தாங்கும் பலம் மறுபக்கம். ஏதாவது ஓரிடத்தில் விசை பலத்தை மிஞ்சினால் அங்கே உடையும். விட்டம் என்பது தண்ணீரின் உயரத்தைப் போன்றது.

முதலில் விசையை எடுத்துக்கொள்வோம். பாலங்களும் ஆகாய விமானங்களும் கட்டும் பொறியாளர்கள் கையாளும் ஒரு கணக்கு முறை உண்டு. ஒரு பெரிய உருவத்தை ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளாகக் கம்ப்யூட்டரில் பிரித்து, ஒவ்வொரு துண்டும் எவ்வளவு இழுபடுகிறது என்று கணக்கிடுவார்கள். இதையே தமனிப் புடைப்புக்குப் பயன்படுத்தினார்கள். வியாதியஸ்தரின் சி.டி. படங்களிலிருந்து அவருடைய புடைப்பின் உருவத்தை அப்படியே கம்ப்யூட்டரில் எழுப்பி, அவருடைய இரத்த அழுத்தத்தை உள்ளே செலுத்தி, சுவரின் எந்த இடம் மிக அதிகமாக இழுபடுகிறது என்று வண்ணப் படமாகப் பார்க்கிறார்கள். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் டேவிட் வார்ப் இத்துறையின் முன்னோடிகளில் ஒருவர். ஒரே விட்டமுள்ள இரண்டு புடைப்புகளில், ஒரு பக்கமாகக் கோணலாக உப்பியதன் சுவரில் விசை அதிகமாகத் தாக்குவதை அவருடைய குழு 1998-ல் காட்டியது.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்திலுள்ள டார்ட்மவுத் மருத்துவ மையத்தில் டாக்டர் மார்க் பில்லிங்கர் இதை நோயாளிகளிடம் சோதித்தார். 2003-ல் வெளியான அவருடைய ஆய்வில் 103 பேர் இருந்தார்கள். சிலருக்குப் பின்னர் புடைப்பு உடைந்தது, அல்லது உடையும் தறுவாயில் அவசரமாக வந்தார்கள். மற்றவர்களுக்கு அப்படி நேரவில்லை. முன்பே எடுத்திருந்த ஸ்கேன் படங்களைக் கொண்டு கணக்கிட்டபோது, சுவரின் மிக அதிக இழுவிசை சதுர சென்டிமீட்டருக்கு 44 நியூட்டன் என்ற எல்லை இருசாராரையும் நன்றாகப் பிரித்தது. ஒரு சதுர சென்டிமீட்டர் குறுக்குவெட்டுள்ள சுவர்த் துண்டில் சுமார் நாலரை கிலோ எடையைத் தொங்கவிட்டால் எப்படியோ, அப்படி. ஆபத்துக்குள்ளாகப் போகிறவர்கள் 100 பேர் இருந்தால் அதில் 94 பேரை இந்த எல்லை முன்கூட்டியே அடையாளம் காட்டியது, 5.5 செ.மீ. விட்டம் 81 பேரைக் காட்டியது. ஆபத்தில்லாதவர்களை வீணாகப் பயமுறுத்துவதும் குறைந்தது: விட்டத்தின்படி 100-க்கு 30 பேர், இழுவிசையின்படி 19 பேர். விசை அதிகமாக இருப்பது, புடைப்பு உடைவதற்கு வெகு நாட்களுக்கு முந்தைய படங்களிலேயே தெரிந்தது என்பது இன்னும் முக்கியமானது.

இது சிறிய ஆய்வு என்பதையும், நடந்து முடிந்ததைத் திரும்பிப் பார்த்துச் செய்யப்பட்டது என்பதையும் மறக்கக்கூடாது. முடிவு தெரிந்தபின் கணக்கிடுவது வேறு. நாளை நடப்பதைச் சொல்லுவது வேறு. இருந்தாலும், கேள்வியைச் சரியான இடத்தில் வைத்த ஆய்வு என்று நான் இதை மதிக்கிறேன்.

இரத்தம் சுழலும் இடம்

இனி இரத்த ஓட்டத்துக்கு வருவோம். ஓடும் திரவத்தின் அசைவை விவரிக்கும் சமன்பாடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நவியே, ஸ்டோக்ஸ் என்னும் இருவரால் உருவானவை. கம்ப்யூட்டர் அவற்றைக் கொண்டு, ஒவ்வொரு இருதயத் துடிப்பிலும் புடைப்புக்குள் இரத்தம் எந்தத் திசையில் எந்த வேகத்தில் போகிறது என்று கணக்கிடுகிறது. உள்ளே நுழையும் வேகத்தை அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. மூலம் அளந்துகொள்வார்கள்.

சாதாரணமாக நாம் என்ன நினைப்போம்? பாய்ந்துவரும் இரத்தம் எந்த இடத்தில் வேகமாக மோதுகிறதோ அங்கேதான் சுவர் உடையும் என்று நினைப்போம். கணக்கு வேறு விதமாகச் சொல்லுகிறது. இரத்த அழுத்தம் 120 என்றால் அது சுவரைச் சுமார் 16,000 பாஸ்கல் அளவில் வெளியே தள்ளுகிறது. புடைப்புக்குள் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். இரத்தம் ஓடும்போது சுவரின்மேல் உராயும் விசையோ ஒரு பாஸ்கல் அளவில்தான் இருக்கிறது. பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இந்த உராய்வால் சுவர் கிழியாது.

பின் எதற்காக இரத்த ஓட்டத்தைக் கணக்கிடவேண்டும்? கனடாவின் வின்னிப்பெக் நகர ஆய்வாளர்கள், உடைந்துபோன ஏழு புடைப்புகளின் படங்களை வைத்து ஓட்டத்தைக் கணக்கிட்டு 2016-ல் வெளியிட்டார்கள். உடைந்த இடங்கள் எல்லாம் இரத்தம் வேகமிழந்து சுழன்று தேங்குகிற பகுதிகளில் இருந்தன. அங்கே உராய்வு மிகக் குறைவு; இரத்தம் உறைந்து படிந்திருந்தது. கலங்கலில் தண்ணீர் பேரிரைச்சலோடு விழும் இடத்தை எல்லாரும் நின்று பார்க்கிறார்கள். கரையோ, சத்தமில்லாமல் கசியும் மூலையில் இளகிக்கொண்டிருக்கிறது.

தேக்கம் எப்படிச் சுவரைப் பலவீனப்படுத்தும் என்பதற்குப் பிட்ஸ்பர்க் குழு 2001-ல் ஒரு விளக்கம் தந்தது. பெருந்தமனிச் சுவரின் உட்பகுதி, ஓடும் இரத்தத்திலிருந்தே ஆக்சிஜனைப் பெறுகிறது. உறைந்த இரத்தம் அடுக்கடுக்காகத் தடித்துப் படியும்போது அந்த வழி அடைபடுகிறது. ஆக்சிஜன் குறைந்த சுவர் நலிவடைகிறது. வேடிக்கை என்னவென்றால், அதே படிவு ஒரு மெத்தையைப்போல் இருந்து சுவரின் இழுவிசையைக் குறைக்கவும் செய்கிறது என்று அதே குழுவின் வேறொரு கணக்கு காட்டுகிறது. ஒரு கையால் தாங்கி மறு கையால் அரிக்கும் இந்தப் படிவைப் பற்றி ஆய்வாளர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

படத்தில் தெரியாதது

விசையைக் கணக்கிடும் காரியம் ஏறக்குறைய கைகூடிவிட்டது எனலாம். தாங்கும் பலம்தான் மறைந்திருக்கிறது. சுவரின் தடிமனையே சி.டி. ஸ்கேன் நம்பகமாகக் காட்டுவதில்லை. பிரேதப் பரிசோதனையில் கிடைத்த புடைப்புகளை இடம் இடமாக அளந்தபோது, உடைந்த இடத்தருகே கால் மில்லிமீட்டருக்கும் குறைவாகவும், சுண்ணாம்பு படிந்த இடத்தில் 4 மில்லிமீட்டருக்கு மேலும் இருந்தது. மேலும், புடைத்த சுவரின் துண்டு ஆரோக்கியமான சுவரில் பாதி இழுவையைக்கூடத் தாங்குவதில்லை. அந்தப் பலத்தை அறியச் சுவரை வெட்டியெடுத்து இழுத்துப் பார்க்கவேண்டும். உயிருள்ள மனிதரிடம் அது கூடாத காரியம்.

ஆகையால் வயது, ஆணா பெண்ணா, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா, இரத்தப் படிவு எவ்வளவு தடிப்பு என்பவற்றிலிருந்து பலத்தை ஊகித்து, விசையைப் பலத்தால் வகுத்துச் சொல்லும் முறைகள் வந்தன. ஸ்டாக்ஹோமில் கிறிஸ்டியன் காசரின் குழு, மருத்துவருக்குப் பழக்கமான மொழியிலேயே விடையைத் தர முயன்றது: "இவருடைய புடைப்பு 4.8 செ.மீ.தான், ஆனால் ஆபத்து 6 செ.மீ. புடைப்புக்குச் சமம்" என்பதுபோல. நல்ல யோசனை.

சுவரின் அழற்சியையே நேரடியாகப் படமெடுக்கலாமா என்று எடின்பரோ நகரில் முயன்றார்கள். மிக நுண்ணிய இரும்புத் துகள்களை இரத்தத்தில் செலுத்தினால், அழற்சியுள்ள இடத்தின் அணுக்கள் அவற்றை விழுங்கும், எம்.ஆர்.ஐ. படத்தில் அந்த இடம் தெரியும். 342 பேரிடம் நடந்த இந்த ஆய்வின் முடிவு 2017-ல் வந்தது. துகள்கள் தங்கியவர்களின் புடைப்பு வேகமாக வளர்ந்தது. உடைதலும் அறுவைச் சிகிச்சையும் அவர்களுக்கு அதிகம் நேரிட்டன. ஆனால் விட்டம், புகைப்பழக்கம் முதலிய தெரிந்த காரணங்களைக் கொண்டு சொல்வதைவிட அது மேலாகச் சொல்லவில்லை. விலையுயர்ந்த ஸ்கேனும் பழைய அளவுகோலும் சமமாக நின்றன. ஏமாற்றமான முடிவையும் ஒளிக்காமல் வெளியிட்டது பாராட்டத்தக்கது.

படுக்கையருகே

மருத்துவமனையில் ஊழியம் செய்யும் என்போன்றவர்களிடம் வியாதியஸ்தர் இந்த எண்களைப் பற்றிக் கேட்பதுண்டு. "ஐயா, எனக்கு 5.3 என்றார்கள். 5.5 ஆனால்தான் செய்வார்களாம். அதுவரை நான் தும்மலாமா?" சிரிப்பாகத் தோன்றினாலும் இந்தக் கேள்விக்குள் எத்தனை இராத்திரிகளின் விழிப்பு இருக்கிறது! ஒரே ஆளை இரண்டு பேர் அல்ட்ராசவுண்டில் அளந்தால் சில மில்லிமீட்டர் வித்தியாசம் வருவது சகஜம். ஆகவே 5.3-ஐப் பத்திரம் என்றும் 5.5-ஐ மரணத் தீர்ப்பு என்றும் யாரும் எண்ணவேண்டியதில்லை.

ஆண்டுக்கு 100-க்கு ஒருவர் என்பதை அவருக்கு இப்படிச் சொல்லலாம்: உம்மைப்போன்ற நூறு பேரை நிற்கவைத்தால், அடுத்த வருஷம் தொண்ணூற்றொன்பது பேருக்கு இது உடைந்திராது, அந்த ஒருவர் யார் என்று காட்டும் ஸ்கேன் இன்னும் வரவில்லை. இந்த முன்கணிப்பைத் தீர்க்கதரிசனம் என்று நான் ஒருபோதும் சொல்வதில்லை. வேதத்தில் அச்சொல்லுக்கு வேறு கனம் உண்டு. கம்ப்யூட்டர் சொல்வது வானிலை அறிக்கையைப் போன்றது. குடை எடுக்கலாமா என்று தீர்மானிக்க உதவும்.

ஐன்ஸ்டைன் காலத்தில் இல்லாத ஒரு வழியும் இன்று உண்டு. 1990 செப்டம்பரில் புவனோஸ் ஐரிஸ் நகரில் டாக்டர் ஹுவான் பரோடி, வயிற்றைத் திறக்காமலே தொடையின் தமனி வழியாக ஒரு துணிக்குழாயைச் செலுத்திப் புடைப்புக்குள் பொருத்தினார். பிரிட்டனில் 2004-ல் வெளியான ஒப்பீட்டில், முப்பது நாட்களுக்குள் மரித்தவர்கள் வயிற்றைத் திறந்த முறையில் 100-க்கு 4.7, இம்முறையில் 1.7. சிகிச்சையின் ஆபத்து குறையும்போது காத்திருப்பதா செய்துகொள்வதா என்ற தராசும் அசைகிறது. ஆனால் உட்குழாய் வைத்தவர்கள் பிற்பாடும் தொடர்ந்து ஸ்கேன் எடுத்துக்கொள்ளவேண்டும், மறுசிகிச்சையும் தேவைப்படலாம். எனவே வியாதியஸ்தரின் வயது, இருதயத்தின் நிலை, அவருடைய விருப்பம் எல்லாவற்றையும் வைத்தே முடிவெடுக்கிறார்கள். குடும்பத்தார் அவசரப்படுத்துவதையும் பார்க்கிறோம், தடுப்பதையும் பார்க்கிறோம். வியாதியஸ்தரே என்ன நினைக்கிறார் என்று முதலில் கேட்பது நலம்.

இன்றைய நடைமுறை

ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் இன்றும் விட்டத்தையே அடிப்படையாக வைத்திருக்கின்றன: ஆண்களுக்கு 5.5 செ.மீ., பெண்களுக்கு 5 செ.மீ. பெண்களுக்கு இந்த வியாதி குறைவாக வருகிறது; வந்தால் சிறிய அளவிலேயே உடைகிறது. பிரிட்டனில் 2009 முதல், 65 வயதாகும் ஆண்களை அழைத்து ஒரு முறை அல்ட்ராசவுண்ட் எடுக்கிறார்கள். அங்கே 4.4 செ.மீ. வரை உள்ளவர்களை ஆண்டுக்கு ஒருமுறையும், 4.5 முதல் 5.4 வரை உள்ளவர்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பார்க்கிறார்கள். வலியில்லாத, பத்து நிமிடச் சோதனை. புடைப்பின் வளர்ச்சியை நிறுத்தும் என்று நிரூபிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை. புகைப்பதை விட்டவர்களுக்கு வளர்ச்சி மெதுவாகிறது.

வாசகர்களில் யாருடைய தகப்பனுக்காவது சகோதரனுக்காவது இந்த வியாதி இருந்திருந்தால், மருத்துவரிடம் அதைச் சொல்லி ஒருமுறை அல்ட்ராசவுண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். புடைப்பு உள்ளவருக்குத் திடீரென்று வயிற்றிலோ முதுகிலோ விலாவிலோ கடும் வலியும் மயக்கமும் வந்தால், வாயு என்றோ சிறுநீரகக் கல் என்றோ வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல், அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோகவேண்டும். வழக்கமான பரிசோதனைக்குச் செல்லும்போது பழைய ஸ்கேன் அறிக்கைகள் அனைத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். சென்ற ஆண்டின் அளவு தெரிந்தால்தான் புடைப்பு எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று மருத்துவர் சொல்ல முடியும்.